வாளுக்கு ஒட்டிய பெயர்

ஜப்பானிய வாள்களில் செய்தவன் பெயர் பெரும்பாலும் கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும். பிடியைக் கழற்றினால்தான், துருவேறிக் கறுத்த அடிப்பகுதியில் கொல்லன் உளியால் வெட்டிய எழுத்து தெரியும். பேர்போன வாள்களுக்கு ஊர் வாயில் வழங்கிய பெயரோ வேறு. அது பட்டறையில் வைத்ததல்ல, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

16ஆம் நூற்றாண்டில், போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் கோபத்துக்கு ஆளான தேநீர் ஊழியன் ஒருவன் பயந்து ஓடி, அலமாரிக்கு அடியில் பதுங்கினானாம். வாளை ஓங்க இடமில்லை. நொபுனாகா அதை வைத்து அழுத்தினார். பலகையோடு ஆளும் அறுந்தான். அதிலிருந்து அந்த வாள் 'ஹெஷிகிரி', அதாவது அழுத்தி அறுப்பது. இன்று ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. அந்த ஊழியன் செய்த தவறு என்னவென்று யாருக்கும் அக்கறையில்லை.

'நிக்காரி' ஒரு படி மேல். இருட்டில் தன்னைப் பார்த்து இளித்த பேயை ஒருவன் வெட்டினான். விடிந்து பார்த்தால் துண்டாகிக் கிடந்தது ஒரு கல். பேயின் இளிப்பு வாளுக்குப் பெயராகிவிட்டது!

எல்லாமே ரத்தம் தோய்ந்த பெயர்களல்ல. சஞ்ஜோ முனெச்சிகா அடித்த வாளுக்கு 'மிகாசுகி' என்று பெயர்; நம் மூன்றாம் பிறையேதான். தோய்ச்சல் கொடுத்தபோது அலகின் விளிம்பை ஒட்டி விழுந்த பிறை வடிவங்கள்தான் காரணம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான அந்த வாளில், வெளிச்சம் சரியான கோணத்தில் விழுந்தால்தான் பிறைகள் கண்ணில் படும்.