இலாபத்தில் ஒரு பங்கு

அறம் செய்வதற்கு இலாபம் தக்க வழியாகுமா? கேள்வி பழையது. ஆயினும், நம் காலத்தில் அது மதுப்போத்தலின் மேல் ஒட்டப்பட்ட சீட்டு ஒன்றில் வந்து நிற்கின்றது.

2013ஆம் ஆண்டு ஜேர்மனியில் 'எலிஃபன்ட் ஜின்' என்னும் மது தோன்றியது. பெருந்தொழிற்சாலைச் சரக்கன்று, சிறுசிறு தொகுதிகளாக வடிக்கப்பட்டது. ஜின்னுக்கு மணமூட்டும் ஜூனிப்பர்க் காய்களோடு பாவோபாப் கனி முதலிய ஆபிரிக்கத் தாவரப் பொருள்களும் அதிற் கலந்தன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு யானையின் பெயரை இட்டனர். இலாபத்தில் 15 வீதம் ஆபிரிக்க யானைகளின் பாதுகாப்புக்கு என அறிவித்தனர். அவ்வுதவியைப் பெற்றவற்றுள் ஒன்று, 2010இல் நிறுவப்பட்ட 'பிக் லைஃப்' என்னும் அமைப்பு. கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் அங்கு வாழும் மசாய் மக்களிடையே இருந்தே அது காவலரைத் திரட்டியது.

யானைகளுக்கு நேர்ந்த அழிவு கற்பனையன்று. 1979இல் ஆபிரிக்காவில் சுமார் 13 இலட்சம் யானைகள் இருந்தன என மதிப்பிட்டனர். பத்தாண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ 6 இலட்சமாயிற்று. 1989இல் சர்வதேசத் தந்த வாணிகம் தடைசெய்யப்பட்டது. ஆயினும் கொலை ஓயவில்லை. 2016இல் வெளிவந்த மதிப்பீடு சுமார் 4,15,000 என்றது. எனவே காவலனின் கையில் விழும் சம்பளம் அற்பமன்று. அதனை ஏளனம் செய்வது நம் நோக்கமுமன்று.

ஆனால், யானையை அழித்தது யார் என்று வினவாமல், காப்பவர் யார் என்பதற்கு மட்டும் விடை தேடுதல் அரைகுறை அறிவாகும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இல்லங்களின் பியானோக் கட்டைகளுக்கும் பில்லியட் பந்துகளுக்குமாகவே யானைகள் மாண்டன. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து மலிவான மது கப்பல் கப்பலாக மேற்கு ஆபிரிக்காவுக்குச் சென்றது. அதன் கேடு பெருகவே, 1890இல் பிரசல்ஸ் மாநாட்டில் வல்லரசுகளே அதற்கு எல்லை வகுக்க நேர்ந்தது. அம்மாநாட்டுக்கு இடமளித்தவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட். கொங்கோவின் தந்தமும் இறப்பரும் எத்தகைய கொடுமையால் அவருடைய களஞ்சியத்தை நிரப்பின என்பதை வரலாறு அறியும். அன்று மதுவை விற்றுத் தந்தத்தை வாங்கிய அதே சந்தை, இன்று யானையைக் காப்போம் என்று சொல்லி மதுவை விற்கின்றது.

மது மனிதனுக்குச் செய்யும் தீங்கும் சிறிதன்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் 26 இலட்சம் மரணங்களுக்கு மது காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எனினும், மதுவிலக்கை இங்கு வாதிக்க நாம் வரவில்லை. மதுவுக்குப் பதில் தேயிலையை விற்றாலும் நம் கேள்வி மாறாது.

வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஈகை கொடுப்பவனின் மனத்தைச் சார்ந்தது. ஒப்புரவோ சமுதாயத்தில் வாழ்பவன் மீது உள்ள கடமை. இலாபத்தில் ஒரு பங்கு என்பது ஈகையே. இலாபம் இருந்தாற்றான் பங்கு உண்டு; போத்தல் விற்காவிடில் காட்டுக்கும் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு நகரத்தில் குடிப்பவரின் சுவை மாறினால், அம்போசெலியில் காவலனின் அடுப்பும் அணையக்கூடும். சீட்டில் அழகாகத் தோன்றும் யானைக்குப் பங்கு கிடைக்கலாம். பிணந்தின்னிக் கழுகின் படத்தைப் போட்டு விற்க எவன் முன்வருவான்? இரவில் யானை புகுந்து சோளப் பயிரை மிதித்தழிக்க, விடியும்வரை விழித்திருக்கும் ஏழை விவசாயிக்கு அச்சீட்டில் இடமேது? காட்டுயிரைக் காக்கும் செலவில் பெரும்பகுதியை உண்மையிற் சுமப்பவன் அவனே.

'சமுதாயம் மாறும்வரை காவலன் பட்டினி கிடக்க வேண்டுமா?' என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. அப்பணத்தை அவன் பெறட்டும். நாம் மறுப்பது பணத்தையன்று. அதனோடு சேர்ந்து வரும் மன அமைதியையே. 'நான் குடித்தேன், யானை பிழைத்தது' என்று ஒருவன் நிறைவோடு உறங்கச் செல்லும்போது, செய்யவேண்டிய கடமை செய்து முடிந்ததாகி விடுகின்றது. தந்தத்தால் செழித்த நாடுகள் தம் பொதுநிதியிலிருந்து ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய கடன் ஒன்று உண்டு என்னும் நினைவே மறைந்துவிடுகின்றது. ஈகை ஒப்புரவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது அதுவே அநீதிக்குத் துணையாகின்றது.

வகுப்பறையில் நாம் கற்பிக்க வேண்டியது இதுவே: நற்செயலைக் கண்டால் மதித்தல், அதன் கணக்கையும் கேட்டல். 15 வீதம் எங்கே போகின்றது என்பதைப் போத்தலின் சீட்டே சொல்லிவிடும். எஞ்சிய 85 வீதம் எங்கே போகின்றது என்பதை நம் மாணவர் கேட்கப் பழகட்டும்.