சேரியும் கேரியும்





தமிழ்நாட்டினின்று மைசூருக்குப் பிழைப்பை நாடி வந்த ஓர் இளைஞர், சொந்த ஊர் யாதென்று எவரேனும் வினவினால், ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள 'சேரி'யை விழுங்கிவிட்டே மறுமொழி கூறுவார். கன்னடரோ 'கேரி' என்னும் சொல்லை நாள்தோறும் கூச்சமின்றி வழங்குகின்றனர். அவர்கட்குக் கேரி என்றால் தெரு. குயவர் தெரு கும்பாரகேரி.

இரண்டும் ஒரே சொல்லே. நமது செவி கன்னடத்தில் கிவி. நமது செம்மை அங்கே கெம்பு. ககரமே மூத்தது, தமிழில் அது சகரமாயிற்று என்பர் மொழிநூலார். சேர்ந்து வாழுமிடம் சேரி என்று யானும் மேடைகளில் உரைத்ததுண்டு. இனிய விளக்கந்தான், ஆயினும் சேர்தலைக் கன்னடர் 'சேரு' என்கின்றனரேயன்றிக் 'கேரு' என்பதில்லை. ஆதலின் அதனை இனி வற்புறுத்தேன்.

பண்டைத் தமிழிலும் இச்சொல்லுக்கு இழிவு இருந்ததில்லை. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. அது பிராமணர் ஊர். அங்கே 30 குடும்புகளும் 12 சேரிகளும் இருந்தன. ஆம், அந்தணரும் சேரியில்தான் வாழ்ந்தனர்! நூறாண்டு நிறையுமுன் இராசராசனது தஞ்சைக் கல்வெட்டு, கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பவற்றோடு 'தீண்டாச்சேரி' என ஒன்றையும் குறிக்கின்றது. பழுது சேரியில் இல்லை. முன்னே ஒட்டிய அடைமொழியில் உள்ளது. பின்னாளில் அடைமொழி உதிர்ந்து, அதன் நஞ்சு மட்டும் சேரியில் ஊறி நின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மஜ்ஜிம நிகாயத்து அரணவிபங்க சூத்திரத்தில் பகவான் ஓர் உண்கலத்தை எடுத்துக்காட்டுகின்றார். அதனை ஒரு நாட்டார் 'பாதி' என்பர், ஒரு நாட்டார் 'பத்த' என்பர், மற்றொரு நாட்டார் 'சராவ' என்பர். எமது சொல்லே மெய், பிற பொய் எனப் பற்றுவதால் பூசல் விளைகின்றது. எனினும் உலக வழக்கை மீறுக என்றும் அவர் கூறவில்லை. ஆதலின், சேரியென்றால் வெறுந் தெருவே என்று நாம் சாதித்தாலும், தமிழ்நாட்டில் கேட்பவர் அவ்வாறு கொள்ளார். அதனை மறைத்துப் பயனில்லை. நம் கையிலிருப்பது அச்சொல்லின்மேல் நம் மனம் வைத்த கூச்சம் ஒன்றே.

இவற்றையெல்லாம் பொறுமையுடன் கேட்ட அவ்விளைஞர், "ஐயா, சொல்லுக்குக் குற்றமில்லை, சரி. 'தீண்டா' என்று கல்லில் வெட்டுவித்தவருக்கு?" என்றார். நியாயமான வினா. பிறப்பால் எவரும் இழிந்தோரல்லர், செயலாலேயே இழிந்தோராவர் என்று அக்கிக பாரத்துவாசன் என்னும் பிராமணனுக்குப் பகவான் விளக்கிய வசல சூத்திரத்தை அடுத்த பௌர்ணமியன்று அவரோடமர்ந்து வாசிக்க இருக்கின்றேன்.