தோற்கும் உரிமை

ஒருவருக்கு நாம் செய்யும் உபகாரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைப் பற்றி நம்முடைய நீதி நூல்கள் விஸ்தாரமாகப் பேசுகின்றன. அது எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பதை அவரவர் அநுபவத்தில்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. புறநானூற்றுப் புலவர்களில் ஒருவராகிய ஐயூர் முடவனார், நடக்க இயலாதவராதலால், தாமான் தோன்றிக்கோன் என்னும் தலைவனிடம் சென்று தம் வண்டிக்கு ஓர் எருது வேண்டுமென்று கேட்டார் என்றும், அவனோ ஒரு மாட்டு மந்தையையே ஊர்தியோடு சேர்த்துக் கொடுத்தான் என்றும் அவருடைய பாட்டு ஒன்றால் தெரியவருகிறது. தலைவன் கொடுத்தவை மாடும் வண்டியும்; பாட்டுப் புலவருடையது. கொடுத்தவன் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

தங்கால் என்று பழைய நூல்கள் வழங்கும், சிவகாசிப் பக்கத்து எங்கள் திருத்தங்கலுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பாத்தியதை உண்டு. தங்கால் முடக்கொற்றனார் என்ற புலவரின் பாட்டு அகநானூற்றில் இருக்கிறது. உடம்பின் குறை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது என்றாலும், தொகுத்தவர்கள் பரிதாபப்பட்டு அந்தப் பாட்டைச் சேர்த்தார்கள் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தது, ஆகவே சேர்த்தார்கள். கவிதையின் விஷயத்தில் நம் முன்னோர் காட்டிய இந்த நேர்மையை விளையாட்டு மைதானத்திலும் நம்மால் காட்ட முடியுமா என்பதே எனக்குச் சில காலமாக இருந்துவரும் சிந்தனை.

மாலை வேளையில், பட்டாசு ஆலைகளின் பேருந்துகள் தொழிலாளர்களைக் கிராமம் கிராமமாக இறக்கிவிட்டுத் திரும்பும் நேரத்தில், எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் ஒன்றின் மூலையில் மாற்றுத்திறனாளிகள் சிலர் விளையாட்டுப் பயிற்சிக்காகக் கூடுகிறார்கள். அங்கே கூடமாட ஒத்தாசை செய்கிறவர்களில் நானும் ஒருவன். வருகிறவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள். இந்தியா போலியோ இல்லாத நாடென்று 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சான்று பெற்றுவிட்டபடியால், அந்த நோய் நம் நாட்டில் விட்டுச்சென்ற கடைசித் தலைமுறை இவர்களே என்று நம்பலாம். இளையவர்களோ சாலை விபத்தில் காலை இழந்தவர்கள், அச்சகத்துக் கட்டிங் மெஷினில் விரல்களைப் பறிகொடுத்தவர்கள், 'பயர் ஆபீஸ்' என்று எங்கள் ஜனங்கள் சொல்லும் பட்டாசு ஆலையில் மருந்து பற்றிக்கொண்டதால் வெந்த உடம்போடு உயிர் தப்பியவர்கள். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த கோர விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாடு முழுவதும் அறியும். இத்தகைய விபத்துகளில் பிழைத்துக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதை அவர்கள் வீட்டாரைத் தவிர அறிந்தவர் சொற்பம்.

இந்தப் பூமியில் அவர்களோடு நின்று வேலை செய்வதற்கு உற்சாகம் மட்டும் போதாது. சில காரியங்களைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நாற்காலியை ஓர் அடி நகரவிடாது. மழை ஓய்ந்து காய்ந்தாலோ, வெடித்த தரையும் சீமைக்கருவேல முள்ளும் சேர்ந்து ட்யூபைப் பதம் பார்த்துவிடும். ஆகையால் பயிற்சி தொடங்குமுன் மைதானத்தை முள் இல்லாமல் கூட்டுவதே எங்கள் முதல் கடமை. வெந்து ஆறிய தோலிலும் ஒட்டுப்போட்ட தோலிலும் வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. அதனால் மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் வெயிலிலும் அவர்களுடைய உடம்பின் உஷ்ணம் வெளியேற வழியின்றித் தலைசுற்றலில் கொண்டுபோய் விட்டுவிடும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. வாளி நிறையத் தண்ணீரும் நனைத்த துண்டுகளும் எந்நேரமும் அருகில் இருக்க வேண்டும் என்பது, அன்பு நிறைந்த நெஞ்சுக்குத் தானாகத் தோன்றிவிடும் விஷயமன்று. ஒருவர் சொல்லித்தர, மற்றொருவர் சிரத்தையோடு கற்றுக்கொள்ள வேண்டியது.

உட்கார்ந்தபடியே குண்டு எறிகிறவர்களுக்கென்று ஓர் இரும்பு நாற்காலி உண்டு. மெத்தையோடு சேர்த்து அதன் இருக்கை 75 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது சர்வதேச விதி. எங்களுடையதை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினோம். அதன் நான்கு மூலைகளிலிருந்தும் பட்டைகளை இழுத்து, தரையில் அடித்த இரும்பு முளைகளில் மாட்டி, நாற்காலி இம்மியும் அசையாதபடி இறுக்க வேண்டும். எறிகிறவரின் தொடைகளையும் இருக்கையோடு கட்ட வேண்டும். நாற்காலி ஒரு விரற்கடை ஆடினாலும், தோளிலிருந்து குண்டுக்குப் போய்ச் சேரவேண்டிய பலத்தில் ஒரு பங்கு அந்த ஆட்டத்திலேயே விரயமாகிவிடும். எங்களிடம் பயிலும் சகோதரி ஒருவர், பகலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை செய்கிறவர், 3 கிலோ குண்டைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பின்னால இடது பட்டை தளருது, இன்னொரு இழுப்பு இழுங்க" என்பார். இழுத்து முடித்ததும், "போதும், தள்ளிக்கோங்க" என்பார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் தொண்டனுடைய வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பார்வையற்றோர் ஓட்டத்தில் இந்த எல்லையை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஓடுகிறவரோடு வழித்துணையாக ஒருவர் ஓடுகிறார். இருவரையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்கும். துணைவர் அவரை இழுக்கக் கூடாது, முன்னால் தள்ளக் கூடாது, முடிவுக்கோட்டை அவருக்கு முன் தாண்டவும் கூடாது; அதே வேகத்தில், அதே காலடிக் கணக்கில், ஓடுகிறவரின் வெற்றிக்கு ஒரு கண நேரம் பின்தங்கி வந்து சேர வேண்டும். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் சிம்ரன் சர்மா 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றபோது, அவருடன் அப்படி ஓடியவர் அபய் சிங். அதே பாரிஸில் மராத்தான் ஓடிய ஸ்பெயின் நாட்டு எலெனா கொங்கோஸ்ட் மூன்றாமிடத்தில் வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோடு சில மீட்டர் தூரத்தில் இருக்கையில், தசைப்பிடிப்பால் நிலைதடுமாறிய தம் வழித்துணைவரைத் தாங்குவதற்காக அவர் கயிற்றை ஒரு கணம் விட்டுவிட, விதிமீறல் என்று அன்று அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அந்தத் தீர்ப்பு கடுமையானது என்று வருந்தியவர்கள் பலர். எனக்கு அதில் மனத்தைத் தொட்டது வேறு: சகாயம் செய்யப் போனவரைச் சகாயம் பெறுகிறவர் என்று நாம் நினைத்தவர் தாங்கினார். உபகாரம் ஒருவழிப் பாதை என்ற நம்முடைய நெடுநாள் எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

கை எங்கே நிற்க வேண்டும் என்பதோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. மனம் எங்கே நிற்க வேண்டும் என்பது அதைக் காட்டிலும் கடினமான கேள்வி. இரக்கமுள்ளவர்கள் நடத்திய ஒரு போட்டியில், நான் சொன்ன அந்தச் சகோதரி மூன்றாவதாக வந்தார். பரிசளிக்க வந்த பெரியவர், நல்லெண்ணத்தோடுதான், "இங்கே தோற்றவர் என்று யாருமில்லை, எல்லாரும் ஜெயித்தவர்களே" என்று அறிவித்து எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பரிசைக் கொடுக்கச் சொன்னார். சகோதரி அதை வாங்கிக்கொள்ளாமல், "மூணாவதுன்னா மூணாவதுன்னே சொல்லுங்க சார். எல்லாரும் ஜெயிச்சோம்னு சொல்லிட்டா, அடுத்த வருசத்துக்கு நான் எதுக்குப் பழகணும்?" என்று கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊனமுற்ற ஒருவருக்கு இந்தச் சமூகம் சலுகை தரும், ஆறுதல் தரும், சில சமயம் பணமும் தரும். ஆனால் முழு மூச்சோடு முயன்று, சமமான எதிராளியிடம் தோற்று, அந்தத் தோல்வியைத் தன்னுடையதென்று வீட்டுக்கு எடுத்துப் போகும் உரிமையை மட்டும் கொடுக்கத் தயங்கும். அந்த உரிமை இல்லாதவனுக்கு வெற்றி என்பதும் பிறர் இட்ட பிச்சையாகவே ஆகிவிடுகிறது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய பிள்ளையாக வளர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார்; டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார், பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி, சக இந்தியரான சரத் குமாருக்கு அடுத்தபடியாக வெண்கலம் பெற்றார். முதல் முறை தங்கம் வென்றவர் என்ற இரக்கத்துக்காகக் குறுக்குக் கம்பியை ஒரு சென்டிமீட்டர் எவரும் இறக்கி வைக்கவில்லை. அதனால்தான் அந்த வெண்கலமும் தங்கத்தைப் போலவே மதிப்புடையதாக இருக்கிறது. அதே பாரிஸில், காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸும் பாட்மின்டன் அரையிறுதியில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆட வேண்டி வந்தது. இரண்டும் நம் வீட்டுப் பெண்கள். ஒருத்தி தோற்றே ஆக வேண்டும். துளசிமதி வென்று வெள்ளியோடும், மனிஷா வெண்கலத்தோடும் ஊர் திரும்பினார்கள். அந்த அரையிறுதியில் அவர்கள் விட்டுக்கொடுத்து ஆடியிருந்தால், இருவரில் எவரையும் நாம் வீராங்கனை என்று அழைத்திருக்க முடியாது.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு இயக்கத்தின் வேரும் இதே எண்ணத்தில்தான் ஊன்றியிருக்கிறது. நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்தில் குடியேறிய டாக்டர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களை, சாவை எதிர்பார்த்துப் படுக்கையில் கிடப்பவர்களாக மற்றவர்கள் கருதிய காலத்தில், அவர்கள் கையில் வில்லையும் அம்பையும் கொடுத்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பதினாறு பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே பிற்காலத்துப் பாராலிம்பிக்கின் விதை. வைத்தியத்தில் நோயாளி என்றும் ஒரு படி கீழேதான் இருப்பான். போட்டியில் நிற்கிறபோது அவன் எதிராளிக்குச் சமமாகிவிடுகிறான். எங்கள் பக்கத்திலும் அத்தாட்சி இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிக்கு அருகேயுள்ள ஆய்க்குடியில் 1981-ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்; பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தது. பிறர் தமக்காகச் செய்யட்டும் என்று காத்திராமல், பிறருக்குத் தாமே தலைமை தாங்கியவர் அவர்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 30-ஆவது பிரிவில், விளையாட்டில் பங்குகொள்வதை அவர்களுடைய உரிமையாகவே ஒப்புக்கொண்டு, மைதானங்களையும் வசதிகளையும் அதற்கேற்ப மாற்றியமைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அவர்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. டிசம்பர் 3-ஆம் தேதியை ஒட்டி, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் என்று மாவட்டந்தோறும் விளையாட்டு விழாக்களும் நடக்கின்றன. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயினும் உரிமை சட்டத்தில் பிறந்தாலும், அது வளர்வது தினசரிப் பழக்கத்தில். விழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொள்ள ஆள் கிடைப்பதில் கஷ்டமில்லை. மறுநாள் மாலையில் முள் கூட்டவும், பட்டை இழுக்கவும், எறிந்த குண்டை எடுத்துவந்து கொடுக்கவும், அளவு நாடாவை நேராகப் பிடித்து உள்ளதை உள்ளபடி வாசிக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆகையால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் வட்டாரத்து அன்பர்களை, குறிப்பாக வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும் வாலிபர்களை, நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் ஊர் மைதானத்தில் இவர்களுக்கு இடமிருக்கிறதா என்று விசாரியுங்கள்; இல்லையென்றால் ஒரு மூலையையாவது கேட்டு வாங்குங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் ஒரு நாற்காலி செய்து கொடுங்கள். ஓடத் தெரிந்தவர்கள் வழித்துணையாக ஓடிப் பழகுங்கள். என்ன உதவி வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்காமல் அவர்களைக் கேளுங்கள். கேட்டதைச் செய்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். குண்டு விழுந்த இடத்தில் நாடாவை வைத்து, அளவு எவ்வளவோ அதையே சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தானமாகக் கொடுக்காதீர்கள்.