செய்தவர் பெயர் எங்கே?

கியோட்டோ என்றதும் வீடியோ கேம் ஆடுபவர்களுக்கு நின்டெண்டோதான் நினைவுக்கு வரும். அதே ஊரில் 1979-இல் தொடங்கிய இன்னொரு நிறுவனத்தை அவர்களில் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். அதன் பெயர் டோசே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களில் அதன் உழைப்பு இருக்கிறது. பெரும்பாலானவற்றில் அதன் பெயர் இல்லை. யாரோ மறைத்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2006-இல் வெளிவந்த ஒரு பேட்டியில் அந்நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுப் பொறுப்பாளரே விளக்கம் தந்திருக்கிறார். வாடிக்கையாளர் மனத்தில் இருப்பதைச் செய்துகொடுப்பதே தங்கள் வேலை, நிறுவனத்தின் பெயரையோ ஊழியர்களின் பெயரையோ போட வேண்டாம் என்று பெரும்பாலும் தாங்களே சொல்லிவிடுவோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நிறுவனத்தின் பெயரை நிறுவனம் வேண்டாம் என்பது சரி. ஊழியர்களின் பெயரை வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை உண்டா?

டோசே தரப்பு நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே ஒரு கேம் விற்காமல் போனதால் இழுத்து மூடப்பட்ட ஸ்டூடியோக்கள் உலகெங்கும் உண்டு. ஒப்பந்தத்துக்குச் செய்துகொடுப்பவருக்கு அந்தக் கண்டம் குறைவு. வேலையை முடித்தால் பணம். விற்பனையின் லாப நஷ்டம் பெரும்பாலும் வெளியீட்டாளரைச் சேரும். சந்தையில் ஒருவரோடு ஒருவர் மோதும் நிறுவனங்கள் ஒரே இடத்தில் நம்பி வேலை கொடுக்கின்றன என்றால், அங்கே ரகசியம் காக்கப்படும் என்பதுதான் காரணம். 1998-இல் வந்த 'டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ்', 2004-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு மாற்றித் தந்த முதல் இரண்டு 'ஃபைனல் ஃபேன்டஸி'கள், 2005-இன் 'சூப்பர் பிரின்சஸ் பீச்' எல்லாம் டோசேவின் கைவேலை. இப்படியே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது சின்ன விஷயமல்ல.

ஆடுபவர் ஏமாற்றப்படுகிறாரா? அவ்வளவு கடுமையாகச் சொல்லத் தேவையில்லை. 2023-இல் 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி' புதுவடிவில் வந்தபோது, அதை உருவாக்கியது ஆர்ட்டெபியாட்சா என்ற நிறுவனம் என்பது கேம் வெளியான சமயத்தில்தான் தெரிந்தது. வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தால் நன்று. ஆனாலும் கேமின் முடிவில் பெயர் வந்துவிட்டது. வெளியாகும்வரை ரகசியம் காப்பதால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. வெளியான பிறகும், பத்தாண்டு, இருபதாண்டு கடந்த பிறகும் தொடரும் மௌனம்தான் கேள்விக்குரியது.

அந்த மௌனம் யாரைக் காப்பாற்ற வந்தது என்று பார்க்க வேண்டும். 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் ஜப்பானிய கேம்களின் பெயர்ப்பட்டியலில் புனைபெயர்கள் நிறைந்திருந்தன. 1991-இல் உலகையே ஆட வைத்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'வில் அகிரா நிஷிதானி 'நின் நின்' ஆனார். அகிரா யாசுதா 'அக்கிமான்' ஆனார். திறமைசாலிகளைப் போட்டி நிறுவனங்கள் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதாவது, இன்னும் நல்ல சம்பளத்துக்குப் போகக்கூடியவரை முதலாளி ஒளித்து வைத்தார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்நாளில் அட்டாரி நிறுவனம் தன் வடிவமைப்பாளர்களின் பெயரை வெளியிட்டதில்லை. 'அட்வென்ச்சர்' கேமைத் தனியாளாக எழுதிய வாரன் ராபினெட், யாரிடமும் சொல்லாமல் அதற்குள் ஓர் அறையைக் கட்டினார். கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் புதிர்வழியில், பின்னணியின் நிறத்திலேயே ஒரு புள்ளி கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அதைத் தடவித் தேடி எடுத்து, வேறு பொருள்களோடு குறிப்பிட்ட ஒரு கூடத்துக்குக் கொண்டுபோனால் சுவர் வழிவிடும். உள்ளே திரையின் நடுவில் 'உருவாக்கியவர் வாரன் ராபினெட்' என்று செங்குத்தாக எழுத்துகள் மின்னும். நிறுவனத்துக்கு இது தெரியவந்தபோது அவர் வேலையை விட்டே போயிருந்தார். தன் பெயரைத் தான் செய்த பொருளுக்குள்ளேயே திருட்டுத்தனமாக வைக்க வேண்டிய நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளிய ஏற்பாடு நியாயமானதாக இருக்க முடியாது.

ஜப்பானியச் சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் சிறிய ஒப்பந்ததாரர்களின் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. 2004 முதல் புரோகிராம் எழுதும் வேலைக்கும் அது பொருந்தியது. கூலியைக் காத்த அந்தச் சட்டம் பெயரைப் பற்றிப் பேசவில்லை. பதிப்புரிமைச் சட்டமோ, படைத்தவருக்குத் தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதும் புரோகிராமுக்கு, வேறு ஏற்பாடு இல்லாதவரை நிறுவனமே படைப்பாளர் என்கிறது. இரவு பகலாக உட்கார்ந்து எழுதியவர் சட்டத்தின் கண்ணில் படைப்பாளரே இல்லை.

ஊழியரும் கையெழுத்துப் போட்டுத்தானே வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்கலாம். வேலை தேவைப்படும் நேரத்தில் நீட்டப்படும் தாளில், எந்தப் பத்தியை அடித்துவிட்டுக் கையெழுத்திட முடியும்? கேமின் கதையை வெளியே சொல்லாதே, மூல நிரலை எடுத்துப் போகாதே என்பதெல்லாம் நியாயமான நிபந்தனைகள். 'இதை நான் செய்தேன்' என்று ஆயுள் முழுக்கச் சொல்லாதே என்பது அந்த வகையில் சேராது. பத்தாண்டு உழைத்தபின் வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும் புரோகிராமரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, என்னென்ன கேம் செய்தீர்கள் என்பதுதான். பதில் சொல்ல முடியாதவர் பேரம் பேசவும் முடியாது.

பெயர் போட்டால் பிராண்டின் மதிப்பு குறையும் என்ற வாதமும் நிற்கவில்லை. 2016-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் ஃபைனல் ஃபேன்டஸி'யில் டோசேவின் பங்கு ஊரறிந்தது. அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸின் பெயருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. 'ஸ்டாஃபி' என்ற குட்டி நட்சத்திர மீனின் கேம்களில் பதிப்புரிமையையே நின்டெண்டோ டோசேவோடு பகிர்ந்துகொண்டது.

பெயர் போடும் இடங்களிலும் கஞ்சத்தனம் இருக்கிறது. 2021-இல் 'மெட்ராய்ட் டிரெட்' வெளியானபோது, உழைத்த சிலரின் பெயர்கள் விடுபட்டன. மொத்த உருவாக்கக் காலத்தில் நான்கில் ஒரு பங்காவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது தங்கள் விதி என்று அதை உருவாக்கிய ஸ்பானிய ஸ்டூடியோ சொன்னது. பல மாதம் உழைத்தவரையும் இந்தக் கணக்கு வெளியே தள்ளிவிடும். பட்டியலில் இன்னொரு வரி சேர்க்க ஆகும் செலவு என்ன?

ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து சேர்த்தால் போதும். கேம் வெளியாகும் நாளில், வேண்டாம் என்று தாமே எழுதித் தந்தவர்களைத் தவிர, உழைத்த அனைவரின் பெயரும் வர வேண்டும். ஒப்பந்த நிறுவனம் விரும்பினால் தன் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளட்டும். பழைய கேம்கள் வரிசையாக மறுவெளியீடு காணும் காலம் இது. விடுபட்ட பெயர்களைச் சேர்க்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. 1988-இல் 25 வயதில் ஃபாமிகாம் கேம் கருவிக்கு நிரல் எழுதியவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. கணக்கேடுகளைத் தேடி எடுக்கவும், யார் எதைச் செய்தார்கள் என்று கேட்டு எழுதவும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வெளியீட்டாளர்கள் அதை இப்போதே செய்ய வேண்டும்.