யார் வீட்டில் தீ?

எதிர்வீட்டு மாடியில் புகை வருகிறது. நீங்கள் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டீர்கள். உள்ளே இருப்பவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வீர்கள்? 'அவர் தூக்கம், அவர் உரிமை' என்று காபியை உறிஞ்சிக்கொண்டு நிற்பீர்களா? மாட்டீர்கள். ஓடிப்போய்க் கதவை இடிப்பீர்கள். 'யாருய்யா நீ, காலங்கார்த்தாலே?' என்று அவர் திட்டினாலும் இடிப்பீர்கள்.

மிஷனரியின் நியாயம் இவ்வளவுதான். எனக்கு ஓர் உண்மை தெரியும், அது தெரியாவிட்டால் நீ அழிந்துபோவாய், தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தால் பாவம் என் தலையில். இப்படி மனசார நம்புகிற ஒருவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் அவர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். அந்தப் புகை அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது.

மதம் பரப்புவது பற்றிப் பேச்சு வந்தால் நாம் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். பால் பவுடரும் கோதுமையும் கொடுத்து ஆள் பிடித்தார்கள் என்பது ஒரு கட்சி. பள்ளிக்கூடம் யார் கட்டியது, ஆஸ்பத்திரி யார் கட்டியது என்பது இன்னொரு கட்சி. சத்தமாகச் சண்டை போட்டுவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடலாம். என் கேள்வி அது இல்லை. தீ என்று நிஜமாகவே நம்புகிறவன் அடுத்தவன் வாசலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? எதுவரை போகலாம்? இதற்கு வேறெங்கும் தேட வேண்டாம். மதுரையிலேயே ஆள் இருக்கிறார்.

1606-ல் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வருகிறார். இத்தாலிக்காரர், ஏசு சபைப் பாதிரியார், வயது முப்பதுகூட ஆகவில்லை. போப்புக்கும் கார்டினலுக்கும் உறவுமுறை சொல்லக்கூடிய பெரிய இடத்துப் பிள்ளை. அவர் வருவதற்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அங்கே பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்துபோகும் பரதவக் கிறிஸ்துவர்களுக்குப் பூசை வைத்தார். புதிதாக மதுரைக்காரர் யாரும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

காரணம் எளிது. அவர் பரங்கி. மாடு தின்பான், குடிப்பான், ஒழுங்காகக் குளிக்க மாட்டான், யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவான். அன்றைய மதுரையில் 'பரங்கி' என்றால் இதுதான் அர்த்தம். கூத்து என்னவென்றால், ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம் 'பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?' என்றே தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவன் சம்மதிப்பான்?

நொபிலி இதைக் கவனித்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். குடுமி, சந்தனம், மரப் பாதக்குறடு, சிலுவை கோத்த பூணூல். மாமிசத்தை விட்டுவிட்டு ஒருவேளைச் சோறும் காய்கறியும். பெர்னாண்டஸோடு ஒரே வீட்டில் இருந்தால் பெயர் கெட்டுவிடும் என்று தனிக் குடிசை. தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். ஊர் அவரைத் தத்துவ போதகர் என்றது. இன்று தமிழ்நாட்டு மாதாகோயிலில் சர்வசாதாரணமாகப் புழங்குகிற கோயில், பூசை, வேதம், அருள், பிரசாதம் போன்ற சொற்களெல்லாம் கிறிஸ்துவத்துக்குள் வேர்பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இது வேஷம்தானே என்று நீங்கள் கேட்கலாம். பெர்னாண்டஸும் அதையேதான் கேட்டார். கோவாவுக்குப் புகார் போனது. கோவாவிலிருந்து ரோமுக்குப் போனது. குடுமி வைத்த கிறிஸ்துவன் கிறிஸ்துவனா, பூணூல் மதச் சின்னமா வெறும் குலச் சின்னமா என்று வருஷக்கணக்கில் விவாதித்தார்கள். கடைசியில் 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்துவிட்டார்.

என்னைக் கேட்டால் அதை வேஷம் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோமே, அந்த மாதிரி. ஒரு மொழியைப் படிக்க ஆயுளில் பாதியைச் செலவழிக்கிறவன் அந்த மொழிக்காரர்களை முட்டாள் என்று நினைத்திருக்க முடியாது. இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 1965-ல் பக்தி வேதாந்த சுவாமி பிரபுபாதா கிட்டத்தட்ட எழுபது வயதில் சரக்குக் கப்பல் ஏறி நியூயார்க் போனார். அவர் கோட்டு மாட்டிக்கொள்ளவில்லை. நியூயார்க் பையன்களுக்குக் குடுமி வைத்து வேட்டி கட்டிவிட்டார்! கதவு தட்டுவது ஒரு மதத்தின் குணம் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் நொபிலியின் கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கத்தை நமக்குச் சொல்லித் தரவில்லை.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனவர், அந்த வீட்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற சட்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். சாதி வெறும் சமூக ஏற்பாடு, மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். பிராமண சந்நியாசி மாதிரி வாழ்கிறவர் தாழ்த்தப்பட்டவர்களோடு பழகினால் அத்தனை வருஷ உழைப்பும் போச்சு. அதனால் 1640 வாக்கில் அவர்களுக்கென்று 'பண்டாரசாமி' என்று இன்னொரு வகைப் பாதிரியாரை ஏற்படுத்தினார்கள். ஒரே சபை, ஒரே சத்தியப் பிரமாணம். ஆனால் இரண்டு சாமியாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது.

நொபிலி 1656-ல் ஏறக்குறையப் பார்வை போன நிலையில் மயிலாப்பூரில் இறந்தார். ஏற்பாடு அவரோடு சாகவில்லை. 1704-ல் போப்பின் தூதராகச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த தூர்னோன், வழியில் பாண்டிச்சேரியில் தங்கி விசாரித்தார். ஒரு நீண்ட ஆணை போட்டார். அதில் ஒரு விஷயம் இது: சேரியில் ஒருவர் நோயில் கிடந்தால் பாதிரியார் அவர் வீட்டுக்கே போய்க் கடைசிச் சடங்கு செய்ய வேண்டும்.

இப்படி ஓர் ஆணை ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் போகவில்லை. உள்ளே போனால் மற்ற சாதிக்காரர்கள் இவர்களை வாசலில் சேர்க்க மாட்டார்கள். ஆன்மா அழிந்துவிடும் என்று பதறிக் கடல்தாண்டி வந்தவர்கள், அவர்கள் கணக்குப்படியே தீ கொழுந்துவிட்டு எரிகிற அந்தக் கடைசி நேரத்தில், குடிசைக்கு வெளியே நின்றார்கள். தூர்னோன் ஆணையை எதிர்த்து நாற்பது வருஷம் இழுத்தடித்தார்கள். 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் கண்டிப்பாகச் சொன்ன பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என்ன வழி? சேரிக்கென்று தனிப் பாதிரியார்கள்!

இதில் நொபிலியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். நானும் நீங்களும் இப்போது அடிக்கடி சொல்கிறோமே, 'ஒவ்வொரு கலாசாரத்தையும் அதன் போக்கில் மதிக்க வேண்டும்' என்று, அதைத்தானே அவர் செய்தார்? கலாசாரம் என்பது கோலமும் கொலுசும் மட்டும் இல்லை. யார் யாரைத் தொடலாம் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. மதிக்கிறேன் என்று சொல்லும்போது அந்த வீட்டில் யாரை மதிக்கிறோம்? திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையா, கொல்லைப்புறத்தில் நிற்பவரையா?

மதிக்காமல் உடைத்தவர்களும் வந்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஒரே ரகளை. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வந்த வேகத்தில் ஒரு வெள்ளைக்காரர் நம் வழக்கத்தை உடைக்கலாமா என்று கோபப்பட்டார்கள். அது காலனி ஆதிக்கத் திமிர் என்றும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் கோபப்பட்டவர்கள் யார் என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பின்வரிசையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தவர்கள் அல்ல அவர்கள்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரு மாதாகோயில் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் கால்சட்டையை விரித்துப் போட்ட மாதிரி இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். ஒரு மண்டபத்தில் ஒரு சாதி, மறு மண்டபத்தில் மற்றவர்கள். பாதிரியாரை இருவரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொத்தனாரை வைத்துக் கட்டிய தத்துவம் இது. பிறகு பாதிரியார்களே தடுப்பை அகற்றினார்கள். அதை எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இத்தனை நேரம் வந்தவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். மிஷனரியைத் திட்டுகிறவர்களும் சரி, புகழ்கிறவர்களும் சரி, கேட்டுக்கொண்டவர்களை ஏதோ களிமண் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்களைப் பாருங்கள். 1530-களில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரசங்கம் கேட்டு உருகியா? கடலில் முத்து வியாபாரத்தில் எதிரிகளின் நெருக்கடி, போர்ச்சுக்கீசியரிடம் கப்பலும் பீரங்கியும் இருந்தன, கணக்குப் போட்டார்கள். சவேரியார் 1542-ல் வந்து சேர்ந்தபோது ஜெபம்கூடச் சரியாகத் தெரியாத கிறிஸ்துவர்களைத்தான் பார்த்தார். அவர்கள் வீட்டில் தீ இருந்தது, வாஸ்தவம். பாதிரியார் சொன்ன தீ இல்லை அது. ஆனாலும் அவர் கொண்டுவந்த தண்ணீரை வாங்கி இதற்கு ஊற்றிக்கொண்டார்கள். அவர்கள் வம்சம் இன்றும் அந்த விசுவாசத்தில் உறுதியாக இருக்கிறது. முதலில் எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதை வைத்து அதைப் பொய் என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

வேண்டாம் என்றவர்களும் உண்டு. அந்தமானில் சென்டினல் தீவுக்காரர்கள் அம்பைக் காட்டிச் சொல்கிறார்கள். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சௌ என்ற 26 வயது அமெரிக்கர் சட்டத்தை மீறி அங்கே போய் உயிரை விட்டார். பைத்தியக்காரன் என்று உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நம்பியதை அவ்வளவு முழுசாக நம்பினார். ஆனால் வெளி உலகத்துச் சாதாரண ஜலதோஷமே அந்தத் தீவைக் காலி செய்துவிடலாம். 1880-ல் ஆங்கிலேய அதிகாரி போர்ட்மன் ஒரு கிழத் தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் இருவரும் நோயில் செத்தார்கள். தீயை அணைக்கப் போகிறவன் கையிலேயே கொள்ளிக்கட்டை இருந்தால், கதவை இடிக்கும் உரிமை அவனுக்கு இல்லை என்பேன். எவ்வளவு மனசார நம்பினாலும் இல்லை.

இன்னொருவர் கதை வேறு மாதிரி. டேனியல் எவரெட் 1977-ல் பிரேசில் காட்டில், மைசி ஆற்றங்கரையில் வாழும் பிரஹா மக்களிடம் போனார். அமெரிக்க மிஷனரி, கூடவே மொழியியல் படித்தவர். பைபிளை அவர்கள் மொழியில் பெயர்ப்பது வேலை. மனைவியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போனார். மலேரியாவில் மனைவியையும் மகளையும் சாகக் கொடுக்கப் பார்த்தார். விடாமல் உட்கார்ந்து அந்த மொழியைக் கற்றார்.

பிரஹா மக்களிடம் ஒரு வழக்கம். தான் பார்த்தது, இல்லையென்றால் பார்த்த ஆள் நேரில் சொன்னது, இது இரண்டைத் தவிர வேறு எதுவும் அவர்களுக்கு லட்சியம் இல்லை. இயேசுவைப் பற்றிச் சொன்னார். அவர் எப்படி இருப்பார், நீ பார்த்திருக்கிறாயா என்றார்கள். இல்லை. உன் அப்பா பார்த்திருக்கிறாரா? இல்லை. சரி, அப்புறம் ஏன் சொல்கிறாய் என்று எழுந்து போய்விட்டார்கள். இன்னொரு நாள், தன்னுடைய சிற்றன்னை தற்கொலை செய்துகொண்டதையும், அந்தத் துக்கம் தன்னைக் கடவுளிடம் கொண்டுவந்ததையும் மனம் உருகச் சொன்னார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன்னைத்தானே கொன்றுகொண்டாளா? நாங்கள் அப்படியெல்லாம் செய்வதில்லையே!

எவரெட்டுக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. இவர்கள் எதிலிருந்தும் மீட்கப்பட வேண்டியவர்களாகவே தெரியவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தார். ஒரு பிரஹாவும் மதம் மாறவில்லை. 1980-களின் நடுவில் அவருடைய விசுவாசம்தான் போய்விட்டது.

அதை அவர் உடனே வெளியே சொல்லவில்லை. மனைவி மிஷனரி, மிஷனரி வீட்டில் வளர்ந்தவர். பிள்ளைகளை அந்த நம்பிக்கையில்தான் வளர்த்திருந்தார்கள். முன்பின் தெரியாத காட்டு மக்களிடம் வாய் திறந்தவர், தன் வீட்டாரிடம் இந்த உண்மையைச் சொல்ல ஏறக்குறைய இருபது வருஷம் எடுத்துக்கொண்டார். சொன்னபோது குடும்பம் உடைந்தது.