தடுத்தது நான்தான்



சிறுவர் ஊழியங்களைச் சந்திக்கும்படி கர்த்தர் எங்களை இலங்கையிலே மட்டக்களப்புக்கு நடத்தினார். பிஸ்கட், கிரேயான், கதைப்புத்தகம் எல்லாம் கொண்டு போனோம். கொடுக்கப் போன என்னோடே கர்த்தர் இடைப்பட்டார்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அங்கே சீயோன் சபை வாசலில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்திருந்த பிள்ளைகள் பலர் மரித்தார்கள். "அதற்குப் பிறகும் பிள்ளைகளை அனுப்புகிறீர்களா அம்மா?" என்று அவ்வூர்த் தாயார் ஒருவரைக் கேட்டேன். "பயம்தான் பாஸ்டர். வாசல் மட்டும் நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார்கள்.

பட்டினப்பாக்கம் திரும்பியும் தூக்கம் வரவில்லை. ஆராதனையில் சத்தம் போடுகிறார்கள் என்று நம் பிள்ளைகளைச் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார வைத்தது நான்தான். டீச்சர் இல்லையென்று மூன்று மாதம் வகுப்பையே நிறுத்தினதும் நான்தான். பிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள்மேல் இயேசு விசனமடைந்தாரே (மாற்கு 10:14), அது எனக்குத்தான் என்று உணர்ந்து, முழங்காலில் நின்று அழுதேன்.

வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு ஜெப அறையிலே வகுப்பு. டீச்சர் கிடைக்கும்வரை நானே நடத்துவேன். பெற்றோரே, வாசல் வரைக்கும் நீங்கள் கூட்டி வாருங்கள். ஆமென்.