விடிய நாலு மணிக்கு வந்த சத்தம்

ஓம் சரவணபவ!

இண்டைக்கு புராணத்தில தொடங்காமல் ஒரு ஹீட் பம்பில தொடங்கப் போறன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

போன தைப்பூச விரதத்தில ஐந்தாம் நாள். ஸ்காபரோவில எங்கட வீட்டுக்கு வெளியே மைனஸ் 8, முதல் நாள் முழுக்க ஈரப்பனி. விடிய நாலு மணிக்கு சுவருக்கு அங்கால 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெரிய மூச்சு. பிறகு 'டொக்'. சுத்திக்கொண்டிருந்த காற்றாடி நிண்டு போச்சு. ஜன்னலால பார்த்தால் மெஷினுக்கு மேல வெள்ளைப் புகை!

"தம்பி, எழும்பு! அது எரியுது, நிப்பாட்டு!" என்று அம்மா கத்தினா. நானும் ஓடிப்போய் பிரேக்கரை நிப்பாட்டினேன். அந்த நேரத்தில வாயில கந்த சஷ்டி கவசம் வரேல்லை. உண்மையைச் சொல்றன், சிரிக்காதீங்கோ.

அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பப் போட்டால் 'டக டக டக' என்று வேற ஒரு சத்தம். காற்றாடி இலை ஐசில அடிபடுது. ஸ்க்ரூடிரைவரால ஐசைக் குத்தி எடுப்பம் என்று வெளிக்கிட்டேன். நல்ல காலம், அதுக்கு முதல் எங்களுக்குத் தெரிஞ்ச டெக்னீசியன் அண்ணாவுக்கு போன் எடுத்தேன்.

"கைய வைக்காதையும் தம்பி! பைப் ஓட்டையானால் வாயு முழுக்கப் போயிடும். திரும்ப நிப்பாட்டிப்போட்டு, உள்ளுக்க எமர்ஜென்சி ஹீட்டைப் போடும்," என்றார். மத்தியானம் வந்து வெதுவெதுப்பான தண்ணி ஊற்றிக் கரைச்சுக்கொண்டே விளங்கப்படுத்தினார்.

மைனஸ் 8 காற்றிலயும் வெப்பம் இருக்கு. பல மெஷின்களில இருக்கிற ஆர்-410ஏ என்ற வாயு, சாதாரண அழுத்தத்தில மைனஸ் 51 டிகிரியிலேயே கொதிக்கும். அதால வெளிக்காற்றை விடக் குளிராக இருந்து அந்த வெப்பத்தை வாங்கும். கம்ப்ரசர் அதை நெருக்கிச் சூடாக்கி வீட்டுக்குள்ள அனுப்பும். இதைக் கேட்டதும் எனக்கு சரவணப் பொய்கைதான் ஞாபகம் வந்தது. நெற்றிக்கண்ணில பிறந்த ஆறு பொறியை வாயுவும் அக்கினியும் சுமந்து வந்து கங்கையில விட்டினம், கங்கை அதைப் பொய்கையில சேர்த்தா. குளிர்ந்த தண்ணி அந்த நெருப்பை அணைக்கேல்லை, தாங்கினது.

ஆனால் வெளிக் கம்பிச்சுருள் காற்றை விடக் குளிர் என்றபடியால் ஈரம் அதில உறைஞ்சு படியும். படிஞ்சால் மெஷினுக்கு மூச்சு முட்டும். அப்ப அது காற்றாடியை நிப்பாட்டி, வால்வைத் திருப்பி, வீட்டுக்கு அனுப்பிற சூட்டைக் கொஞ்ச நேரம் தன்ர ஐசைக் கரைக்க எடுக்கும். அந்த 'புஸ்ஸ்ஸ்' வால்வு திரும்பின சத்தம். அந்தப் புகை வெறும் நீராவி. பழுதே இல்லை, டிஃப்ரோஸ்ட். பத்து நிமிசம் விட்டிருந்தால் முடிஞ்சிருக்கும். பாதியில நிப்பாட்டினதால கரைஞ்ச தண்ணி அடியில திரும்ப உறைஞ்சு இலையில தட்டியிருக்கு. முதல் சத்தம் மெஷின் போட்டது. ரெண்டாவது நான் போட வைச்சது!

கனபேர் எனக்கு மெசேஜ் போடுறீங்கள்: "அண்ணா, விரதம் தொடங்கினால் மனசு இன்னும் கூடக் குழம்புது, பழைய கோபம் எல்லாம் வருது, விட்டிடலாமோ?" விடாதீங்கோ. ஒரு வருசமாப் படிஞ்சது கரையேக்க சத்தம் வரத்தான் செய்யும். வெளியில பார்க்கிறவைக்கு அது புகை மாதிரித்தான் தெரியும்.

ஆனால் எல்லாச் சத்தத்தையும் இப்படி விட்டுவிடவும் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லோணும். இரும்பு அரைபடுற சத்தம், விடாமல் உரசுற சத்தம், எத்தனை தரம் டிஃப்ரோஸ்ட் ஓடினாலும் மெஷின் முழுக்க ஐஸாகவே நிக்கிறது, இதெல்லாம் ஆளைக் கூப்பிட வேண்டிய விசயம். அந்த அண்ணா வராமல் நான் மெஷினுக்கு முன்னால நிண்டு அரோகரா சொல்லிக்கொண்டிருந்தால் காற்றாடி உடைஞ்சிருக்கும். அதே மாதிரி, இந்தக் குளிர்நாட்டில தனிய அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள், கிழமைக்கணக்கா நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை, வாழவே பிடிக்கேல்லை என்றால் அது விரதத்தால கரையிற ஐஸ் இல்லை. அண்டைக்கே யாரிட்டையாவது சொல்லுங்கோ, டாக்டரிட்டப் போங்கோ. அந்த உதவியையும் அவன்தான் அனுப்புறான்.

அண்டிரவு திரும்பவும் 'புஸ்ஸ்ஸ்'. அம்மாவும் நானும் ஜன்னலடியில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தம். நீராவி எழும்பினது, தண்ணி சொட்டினது. ஏழு நிமிசத்தில காற்றாடி திரும்பவும் சுத்தத் தொடங்கினது. அம்மா திருநீறு பூசிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனா.

வேலும் மயிலும் துணை. அரோகரா!